இரண்டு சால்வைகள்

ஐயாவும் சித்தப்பாவும் ரங்கூனிலிருந்து அரிசி ஏற்றிவந்த பாய்க்கப்பல், வல்வெட்டித்துறைக்கு நேரே கடலில் நங்கூரம் போட்டு நின்றது. கரைக்கு வரவில்லை. பாய்மரத்தில் மஞ்சள் கொடியொன்று பறந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. கோயில் கொடியைப் போல அதுவும் ஏதோ விசேஷத்துக்கென்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

கப்பலில் வாந்திபேதி என்று காட்டும் கொடி அது. குடிதண்ணீர்ப் பீப்பாயில் தொடங்கி ஒருவர் மாறி ஒருவராகப் பிடித்துவிட்டதாம். அங்கிருந்து யாரும் இறங்கக்கூடாது, இங்கிருந்து யாரும் ஏறக்கூடாது என்று டாக்குத்தர் சொல்லிவிட்டார். அம்மா தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, குடங்களில் நிரப்பி வள்ளத்தில் அனுப்புவாள். கப்பலிலிருந்து கயிறு இறக்கிக் குடத்தை மேலே இழுப்பார்கள். போன குடம் திரும்பி வராது. குசினியில் குடங்கள் குறைவதுதான் எனக்குப் பெரிய கவலையாயிருந்தது.

அண்ணன் தம்பி இருவரும் அக்கா தங்கை இருவரைக் கட்டியிருந்தார்கள். சித்தப்பாவின் மனைவியான சின்னம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். பின்னேரங்களில் நாங்கள் மூவரும் கரைக்குப் போவோம். கப்பலின் முன்பக்கம் நின்று ஐயா வெள்ளைச் சால்வையை வீசுவார்; பின்பக்கம் சித்தப்பா சிவப்புச் சால்வையை வீசுவார். சின்னம்மா சேலைத் தலைப்பை ஆட்டிக் காட்டுவாள்.

நாலாம் நாள்தான் நான் கவனித்தேன், வெள்ளை நின்ற பிறகே சிவப்பு எழும்பியது. கூர்ந்து பார்த்தேன். இடையில் ஒருவர் முன்பக்கமிருந்து பின்பக்கம் ஓடினார். வலது காலைச் சற்றே இழுத்து ஓடும் அந்த ஓட்டம் ஐயாவுடையது.

"அம்மா, ரண்டையும் ஐயாதான்..."

அம்மா என் கையை நசுக்கினாள். குனிந்து காதுக்குள், "மூச்சு விடாதை. வயித்திலை பிள்ளையோடை நிக்கிறாள். சித்தப்பாவுக்கும் அந்த வருத்தம் பிடிச்சிட்டுதெண்டு அறிஞ்சால் தாங்கமாட்டாள்" என்றாள்.

கிணற்றடியில் சின்னம்மா கால் கழுவும்போது என்னால் அடக்க முடியவில்லை. "சின்னம்மா, சிவப்புச் சால்வை வீசினது சித்தப்பா இல்லை."

அவள் திடுக்கிடவில்லை. வாளியைக் கீழே வைத்தாள்.

"ஓம் பிள்ளை, எனக்கு முந்தநாளே தெரியும். அக்காவுக்குச் சொல்லிப்போடாதை. நான் நம்பிறன் எண்டுதான் அவ ரண்டு வாய் சோறெண்டாலும் தின்னுறா."

மறுநாளும் போனோம். சிவப்புச் சால்வை எழும்பியது. "அங்கை பார், உன்ரை மனிசன்" என்றாள் அம்மா. சின்னம்மா சிரித்துக்கொண்டே தலைப்பை ஆட்டினாள்.

பன்னிரண்டாம் நாள் கொடி இறங்கியது. சித்தப்பாவை இருவர் தாங்கிப் பிடித்து வள்ளத்திலிருந்து இறக்கினார்கள். எலும்பும் தோலுமாய், ஆனால் உயிரோடு. சின்னம்மா முழங்கால் தண்ணீருக்குள் நடந்துபோய் அவர் கையைப் பிடித்தாள். பிறகு திரும்பிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இருவரும் ஊர் பார்க்க ஓவென்று அழுதார்கள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. நோய் மாறி ஆள் வீட்டுக்கு வரும் நாளில் என்ன அழுகை? இத்தனை நாளும் இரண்டு பேருடைய இரகசியத்தையும் வாய்க்குள் அடக்கிவைத்திருந்தவள் நான். அழுவதென்றால் நான்தானே அழவேண்டும் என்று நினைத்தேன்.