கையில் கொண்டுபோன படகின் அளவு

என் கேனூ படகின் குறுக்கே ஒரு பலகையை இறுக்கிக் கட்டி, அதன் முனையில் சின்ன பேட்டரி மோட்டாரை மாட்டுவதாகத் திட்டம். நாளைக் காலை நிபோங் திபால் ஆற்றில் ஓட்டிக் காட்டுவதாக மச்சானிடம் வேறு வாய் விட்டாயிற்று.

பலகை வாங்க அளவு வேண்டும். டேப்பைக் காணோம். உலகத்தில் கயிறு என்று ஒன்று இருப்பது அப்போது ஞாபகம் வரவில்லை. படகின் அகலத்துக்கு இரண்டு கைகளையும் விரித்தேன். விரித்தபடியே டத்தோ கிராமாட்டில் பஸ் ஏறினேன்.

பஸ் கார்டு வாயில் இருந்தது. டிரைவரே அதை எடுத்து மெஷினில் தட்டி, என் சட்டைப் பையில் போட்டார்.

பக்கத்து சீட் அக்கா என் கைகளையே பார்த்தார். "என்னா தம்பி, தெங்கிரி மீனா?"

"இல்லக்கா, படகு."

"இவ்ளோ சின்னதாவா? மீனுன்னே சொல்லு லா."

லிட்டில் இந்தியா வந்ததும் அவர்தான் எனக்காக பெல் அடித்தார். கூட்டத்தில் நடந்தும் கை ஓர் அங்குலம் அசையவில்லை. அப்படியே ஹார்டுவேர் கடைக்குள் நுழைந்தேன்.

கடைக்கார அண்ணன் எழுந்து கும்பிட்டார். "வாங்க வாங்க, வணக்கம்!"

"வணக்கம்ண்ணே!" என்று நானும் கும்பிட்டேன்.

"என்ன வேணும்?"

ஒட்டியிருந்த என் உள்ளங்கைகளைப் பார்த்தேன்.

இப்போது வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் இருக்கிறேன். வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்லாத நண்பர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். இந்த முறை அளவை உங்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.