எஸ்தர் போட்ட 'சங்கு' டான்ஸ்

எஸ்தர் போய்ட்டா.

காலைல அவ தம்பி போன் பண்ணான். பருத்திப்பட்டு ஊட்ல டீ போட எழுந்தவ, அப்படியே உட்கார்ந்துட்டாளாம்...

அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரே கம்பெனி, ஒரே பெஞ்சு. பதினோரு வருஷம் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பி காயில் சுத்தினோம். அவ டான்ஸ் அமைக்கிறவன்னு இங்க பல பேருக்குத் தெரியாது. எங்கயும் போய்க் கத்துக்கல.

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் ஆவடில சர்ச் ஹால்ல ப்ராக்டிஸ். அவளைச் சேத்து எட்டு பேர். எல்லாருமே கம்பெனிப் பொம்பளைங்க.

அவ போட்டதுல ஒண்ணு பேரு 'சங்கு'. பாட்டே கிடையாது. கம்பெனி சங்கு ஊதி முடிக்கிறதுக்குள்ள எட்டு பொம்பளைங்க கேட்டுக்கு ஓடுவாங்க. ஏழு பேர் உள்ள போய்டுவாங்க. எட்டாவது ஆளு மூடின கேட்டு முன்னாடி நிப்பா.

அது எஸ்தர். கர்ச்சீப்பால மூஞ்சியத் துடைச்சுக்கினு திரும்பி நடப்பா பாருங்க... முதல் தடவை ஆடினப்போ யாருமே கை தட்டல. எங்க சூப்பர்வைசர் எழுந்து வெளிய போய்ட்டாரு.

எண்பதுகளோட கடைசி அது. சிட்டில இருந்து ஒரு பெரிய ட்ரூப்போட டைரக்டர் வந்தாரு. எஸ்தரோட டான்ஸ் ஒண்ணு எடுத்து, அவங்க ஆளுங்களை வச்சு ஊர் ஊரா போடணுமாம்.

அஞ்சு டான்ஸ் ஆடிக் காட்டினோம். அறுவடை டான்ஸைத்தான் எடுப்பாருன்னு நினைச்சோம். அவரு யோசிக்கவே இல்ல. "சங்கு"ன்னாரு.

ஒரே ஒரு கண்டிஷன். இனிமே நாங்க அதை ஆடக் கூடாது. கையெழுத்து போட்டுக் குடுக்கணும்.

மறுநாள் வேலைக்குப் போற பஸ்ல என்னைக் கேட்டா.

"இன்னாடி பண்றது? குடுத்துடலாமா?"

"குடுடி. இங்க ஐம்பது பேர் பாக்கறாங்க. அங்க எவ்ளோ பேர் பாப்பாங்க..."

"அப்ப நாம?"

"நீதான் இன்னொண்ணு போடுவியே."

கையெழுத்து போட்டுக் குடுத்துட்டா.

ரெண்டு மாசம் ஷிப்ட் முடிச்சு, ரெண்டு பஸ் மாறிப் போய் சொல்லிக் குடுத்தா. "அழகா ஆடறாளுங்கடி. ஆனா லேட்டானா இன்னா ஆவும்னு அவளுங்களுக்குத் தெரியல"ன்னா.

ஷோ அன்னிக்கு எட்டு பேரும் பட்டுப் புடவை கட்டிக்கினு ட்ரெயின் ஏறிப் போனோம். ஒவ்வொண்ணா ஆடினாங்க. கடைசில மைக்ல நன்றி சொல்லிட்டாங்க.

'சங்கு' வரவே இல்ல.

எஸ்தர் மேடைக்குப் பின்னாடி போய்க் கேட்டா. "நேரம் பத்தலம்மா. நம்ம லிஸ்ட்லதான் இருக்கே, அடுத்த ஷோல பாக்கலாம்"னு டைரக்டர் சொன்னாராம்.

அடுத்த ஷோலயும் போடல. அதுக்கடுத்ததுலயும் போடல. கொஞ்ச வருஷத்துல அந்த ட்ரூப்பே கலைஞ்சு போச்சு.

"இனிமே யாரு கேக்கப் போறா, நாமளே ஆடலாம் வாடி"ன்னு தொண்ணூறுகள்ல ஒரு தடவை கூப்பிட்டேன். அதுக்குள்ள எங்க கம்பெனியும் மூடி, ஆளுக்கொரு பக்கம் போய்ட்டோம்.

"எட்டு பேருக்கு எங்கடி போவ? விடு."

வேற டான்ஸும் அவ போடல. நானும் அதுக்கு மேல கேக்கல.

ஒரு போட்டோ கூட இல்ல. போன மாசம் பாத்தப்போ, 'சங்கு'ல கேட்டு மூடினதும் நீ முதல்ல எந்தக் காலை எடுத்து வைப்பன்னு கேட்டேன். "மறந்துட்டேன்டி"ன்னா. நிஜமா மறந்துட்டாளா தெரியல...

நாளைக்கு மூணு மணிக்கு அடக்கம். எட்டு பேர்ல இன்னும் நாலு பேர் இருக்கோம்.

வர்றோம் எஸ்தரு.