அம்மா உட்கார்ந்த இடம்

குன்னூரிலிருந்து திருப்பூர் வந்து சேர்வதற்குள் அம்மா என்னை எத்தனை இடம் மாற்றி உட்கார வைத்தாள் என்பதற்குக் கணக்கே இல்லை. மலை ரயிலில் ஜன்னல் ஓரம் பனிக்காற்று அடிக்கிறது என்றாள். உள்ளே நகர்ந்தால் மூச்சு முட்டுகிறது என்றாள். மேட்டுப்பாளையத்தில் இறங்கிக் கோயமுத்தூர் வண்டியில் ஏறியபோது பெட்டி பாதி காலியாகக் கிடந்தது. இருந்தும் அவள் கதவோரம் நின்றுகொண்டே வந்தாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. அரைப் பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் இருந்ததால் இதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை.

அப்பா மலையில் ஒரு டீ பேக்டரியில் கிளார்க்காக இருந்தார். ஒவ்வொரு மார்கழியிலும் அம்மாவும் நானும் முதலில் கிளம்பித் திருப்பூர் ராயபுரத்தில் மாமா வீட்டுக்கு வந்துவிடுவோம். லீவு முடியும் தறுவாயில் அப்பா வந்து அழைத்துப் போவார். மாமா வீட்டுப் பின்கட்டில்தான் அவருடைய பனியன் கம்பெனி. வட்டமான நிட்டிங் மிஷின்களிலிருந்து துணி குழாய் குழாயாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வெட்டி எறிந்த துண்டுகளில் பொம்மை செய்யலாம். மாமா பிள்ளைகளோடு டெண்ட் கொட்டகைக்குப் படம் பார்க்கப் போகலாம். அத்தை சந்தகை பிழிந்து தேங்காய்ப் பால் ஊற்றித் தருவாள். வருடம் முழுக்க நான் எண்ணிக்கொண்டிருந்தது இதைத்தான்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் என் தம்பி இறந்து போயிருந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகியிருந்தவன். மழை விடாமல் கொட்டிய வாரத்தில் காய்ச்சல் வந்து நெஞ்சில் இறங்கிவிட்டது என்றார்கள். மண்சரிவில் பாதை அடைபட்டிருந்ததால் ஊரிலிருந்து மாமா மட்டும் எப்படியோ நடந்தும் லாரி பிடித்தும் வந்து சேர்ந்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தம்பியின் பேச்சே இல்லை. அம்மாவுக்கு முன்னால் அவன் பெயரைச் சொல்லக் கூடாது என்று அப்பா என்னிடம் சொல்லி வைத்திருந்தார். நான் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகூட பேக்டரிக்குப் போய்விட்டு இருட்டும் நேரத்தில் வருவார். நாங்கள் எல்லோருமே வெகு ஒழுங்காக நடந்துகொள்கிறோம் என்று எனக்கு ஒரு பெருமை.

ஊரில் இருந்தவர்களுக்கு அந்த ஒழுங்கு தெரியவில்லை. ஆடியில் வந்து துக்கம் கேட்க முடியாதவர்கள் எல்லோரும் மார்கழியில் கேட்டார்கள். நாங்கள் வந்த மறுநாளே சொந்தக்காரப் பெண்கள் கூட்டமாக வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மா அழவில்லை. காப்பி போடுவதாகச் சொல்லி எழுந்து போனாள். அடுப்படியில் அத்தை இருப்பதைப் பார்த்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். அங்கிருந்து பின்கட்டுக்குப் போய் ஓடுகிற மிஷின்களுக்கு நடுவே நின்றாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெற்ற வயிறு இப்படியா இருக்கும் என்று ஒருத்தி தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது.

பிறகு நாங்கள் அவர்கள் வீடுகளுக்குப் போக வேண்டியிருந்தது. போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள் என்று அத்தை சொன்னாள். ஒவ்வொரு வீட்டிலும் முதலில் அழுகை, பிறகு காப்பி, பிறகு பிள்ளையைப் பறிகொடுத்து மீண்டும் பெற்றுக்கொண்ட யாரோ ஒருத்தியின் கதை. எங்குமே அம்மா முதுகு சாய்ந்து உட்காரவில்லை. அப்படி ஒரு வீட்டில், முறுக்குத் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டே அந்த வீட்டம்மா, "உனக்கென்ன வயசா போச்சு? அடுத்த மார்கழிக்கு இன்னொண்ணு மடியில கெடக்கும் பாரு" என்றாள். அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். எழுந்து வெளியே நடந்தாள். கடித்த முறுக்கோடு நான் பின்னால் ஓடினேன். தட்டில் மீதியிருந்ததை எடுத்துக்கொள்ளவில்லையே என்பதுதான் அப்போது என் கவலை.

தெருமுனையில் ராயபுரம் பக்கம் திரும்ப வேண்டியவள் திரும்பவில்லை. நேரே நடந்துகொண்டிருந்தாள். நடந்து நடந்து ஊர் ஓரத்து மண்ணரை வந்துவிட்டது. அங்கே அம்மாவோடு பள்ளிக்கூடத்தில் படித்த தோழி ஒருத்தி இருந்தாள். நான் அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவேன். அவள் வீட்டை ஒட்டி ஓடு வேய்ந்த ஒரு கொட்டகை. அதில் ஒரே மோட்டாரின் பட்டையில் ஓடும் நாலு தையல் மிஷின்கள். கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை அங்கே பனியனாகத் தைத்து அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் மிஷினில் உட்காருவது ஆண்கள்தான். ஆள் வராத நாட்களில் தானே உட்கார்ந்து பழகி, பிறகு எழுந்திருக்காமலே இருந்துவிட்டவள் அந்தப் பெரியம்மா.

அவளுக்கும் விஷயம் தெரிந்திருக்கும். அதனால் வாசலிலேயே நான் தயாராகிவிட்டேன். பெரியவர்கள் அழும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க அதற்குள் நன்றாகப் பழகியிருந்தேன். பெரியம்மா எங்களைப் பார்த்தாள். கையிலிருந்த பனியனைத் தைத்து முடித்து, நூலை அறுத்து, பக்கத்தில் எறிந்தாள்.

"வா புள்ள. அந்தக் கடைசி மிஷினுக்கு ஆளு வல்ல. லோடு போவோணும். உக்காரு."

தனக்கு இது தெரியாதே என்றாள் அம்மா.

"காலை அமுத்துனா ஓடும். எடுத்தா நிக்கும். அவ்வளவுதான்."

அம்மா உட்கார்ந்தாள். அவள் தைத்த முதல் தையல் துணியை விட்டே வெளியே ஓடிவிட்டது. பெரியம்மா அதைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். இரண்டாவதையும் பிரித்தாள். மோட்டார் சத்தத்தில் ஒன்றும் சொல்ல முடியாது. பொழுது சாயும்போது ஒரு தோள்பட்டைத் தையல் ஒழுங்காக வந்திருந்தது. அன்று இரவு அம்மா சோறு போட்டுக்கொண்டு சாப்பிட்டதைப் பார்த்து, சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்வந்தது நல்லதாகப் போயிற்று என்று அத்தை மாமாவிடம் சொன்னாள்.

மறுநாளும் போனோம். அதற்கு மறுநாளும் போனோம். இன்னார் வீட்டுக்குப் போகிறோம் என்று அத்தையிடம் ஒரு பெயர் சொல்லிவிட்டுக் கிளம்புவாள். ஊரில் எங்களுக்குச் சொந்தத்துக்குக் குறைவில்லை என்பதால் பெயருக்கும் பஞ்சமில்லை. துணைக்கு நான். மாமா பிள்ளைகள் டெண்ட் கொட்டகையில் படம் பார்த்துவிட்டு வந்து சண்டைக் காட்சிகளை நடித்துக் காட்டினார்கள். நான் மண்ணரையில் பனியன் கட்டுகளின்மேல் படுத்துக்கொண்டு ஓட்டு இடுக்கில் வெயில் நகர்வதைப் பார்த்தேன். மூக்கெல்லாம் பஞ்சு. பெரியம்மாவுக்குப் பிள்ளைகள் இல்லை. எனக்குப் பேசுவதற்கு ஆள் இல்லை. எழுந்து அம்மாவிடம் போவேன், வாசலுக்குப் போவேன், மறுபடி அம்மாவிடம் வருவேன். எப்போது கேட்டாலும் இந்தக் கட்டு முடிந்ததும் போகலாம் என்பாள். அது முடிவதற்குள் பெரியம்மாவின் வீட்டுக்காரர் சைக்கிளில் அடுத்த கட்டைக் கொண்டுவந்து இறக்குவார். லீவு இப்படியே தீர்ந்துவிடும் என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஒரு நாள் மத்தியானம் ஊசி அம்மாவின் விரலில் இறங்கிவிட்டது. ஆள்காட்டி விரல், நகத்தின் நடுவில். இன்றும் அந்த நகம் பிளவுபட்டுத்தான் வளர்கிறது. அம்மா கத்தவில்லை. பெரியம்மா எழுந்து வந்து சக்கரத்தைக் கையால் சுற்றி ஊசியை மேலே தூக்கினாள். விரலை விடுவித்து, மஞ்சள்தூள் அப்பி, பனியன் துண்டைக் கிழித்துச் சுற்றினாள். சுற்றி முடித்துக் கையை விட்டபோது அம்மா அழ ஆரம்பித்தாள்.

அப்படி ஓர் அழுகையை நான் கேட்டதில்லை. தம்பி போன அன்றுகூடக் கேட்கவில்லை, என்னைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். தைத்துக்கொண்டிருந்த ஆட்கள் இரண்டு பேரும் காலை எடுத்துவிட்டார்கள். ஒருவர் மோட்டாரை நிறுத்தக் கையை நீட்டினார். பெரியம்மா திரும்பி, "நிறுத்தாதீங்க. நீங்க பாட்டுக்கு ஓட்டுங்க" என்றாள். அவர்கள் குனிந்துகொண்டு ஓட்டினார்கள். பெரியம்மாவும் தன் இடத்துக்குப் போய் மிஷினை அழுத்தினாள். அத்தனை சத்தத்துக்கு நடுவில் அம்மா வாய்விட்டு அழுதுகொண்டே இருந்தாள். எனக்குப் பெரியம்மாமேல் கோபம் வந்தது. விரலில் ஊசி ஏறிவிட்டவளுக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லாமல், வேலைதான் பெரிது என்று போய் உட்கார்ந்துகொண்டாளே என்று.

கட்டுப் போட்ட விரலை மாமாவிடம் மறைக்க முடியவில்லை. தலையெல்லாம் ஒட்டியிருந்த பஞ்சையும் பார்த்தார். பனியன் கம்பெனிக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அவர் அம்மாவிடம் குரல் உயர்த்திப் பேசி அன்றுதான் கேட்டேன்.

"என் தங்கச்சி மண்ணரையில போயி கூலிக்கு மிஷின் அடிக்கறாள்னா, நாலு பேரு என்னைய என்னன்னு கேப்பாங்க?"

"கூலி வாங்கலீங்கண்ணா" என்றாள் அம்மா.

கூலிக்குத் தைப்பது கேவலமா, சும்மா தைத்துக் கொடுப்பது அதைவிடக் கேவலமா என்று மாமாவுக்குத் தீர்மானிக்க முடியவில்லை என்று நினைக்கிறேன். கொஞ்ச நேரம் கூடத்தில் நடந்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு போய் பேக்டரி ஆபீசுக்கு டிரங்க் கால் போட்டு அப்பாவை உடனே வரச் சொன்னார்.

அப்பா வந்தபோது அம்மா வீட்டில் இல்லை. காலையில் அத்தை வாசல் தெளித்துவிட்டுத் திரும்புவதற்குள், கட்டுப் போட்ட விரலோடு, என்னைக்கூடக் கூப்பிடாமல் போய்விட்டிருந்தாள். அப்பாவின் கோட்டில் தேயிலைத் தூள் வாசம். மப்ளரைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே மாமா சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டார். தங்கச்சிக்கு மனசு ஒரு நிலையில் இல்லை மாப்ள, கூட்டிக்கொண்டு போய் நல்ல டாக்டரிடம் காட்டுங்கள் என்று மாமா முடித்தார். அப்பா என்னிடம் திரும்பினார்.

"வழி தெரியுமா கண்ணு?"

எனக்குத் தெரியாதா? அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். வழி நெடுக என் குறைகளை ஒன்று விடாமல் சொன்னேன். படம் பார்க்காதது, மூக்கில் பஞ்சு, பொம்மை செய்ய ஆளில்லாதது, ஊசி ஏறியது. தம்பியைப் பற்றி மட்டும் கவனமாக ஒன்றும் சொல்லவில்லை. நொய்யல் பாலத்தில் அப்பா நின்றார். கீழே கரையில் வெளுத்த பனியன் துணியை நீளநீளமாகக் காயப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துக்கொண்டே, ஊசி ஏறியபோது அம்மா அழுதாளா என்று கேட்டார். அழுதாள் என்றேன். நிறைய நேரமா என்றார். ரொம்ப நேரம் அழுதாள், பெரியம்மா மோட்டாரைக்கூட நிறுத்தவில்லை என்று கோள் சொன்னேன். அவர் பெரியம்மாவை ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "செரி" என்றார்.

கொட்டகை வாசலில் அப்பா நின்றுவிட்டார். அம்மா குனிந்து தைத்துக்கொண்டிருந்தாள். காயம்பட்ட விரல் மட்டும் துணியில் படாமல் தூக்கிக்கொண்டு நின்றது. அவள் எங்களைப் பார்க்கவில்லை. பெரியம்மா பார்த்தாள். வாங்க என்றுகூடச் சொல்லாமல், தரையில் குவிந்திருந்த தைத்த பனியன்களை மோவாயால் காட்டிவிட்டு, ஒரு சின்னக் கத்தரியை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். தையல் ஓரங்களில் தொங்கும் நூல் பிசிறை வெட்டுவதற்கான கத்தரி அது.

கையில் மசி படாமல் எழுதுவதற்குப் பேர்போன அப்பா, கோட்டைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, அந்தப் பஞ்சுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பனியனை எடுத்துப் பிசிறு வெட்டினார். அடுத்ததை எடுத்தார். தைத்து முடித்ததைக் குவியலில் எறியத் திரும்பிய அம்மா அவரைப் பார்த்தாள். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையிலிருந்ததைக் குவியலில் எறியாமல் அவர் மடியில் போட்டாள். அவர் எடுத்து வெட்டினார். அவள் தைத்துப் போடுவதும் அவர் வெட்டி அடுக்குவதுமாகப் போய்க்கொண்டிருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. கூட்டிக்கொண்டு போக வந்தவரும் உட்கார்ந்துவிட்டாரே. போய் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரு கண்ணு, இதை முடித்துவிட்டுப் போகலாம் என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. மலையிலிருந்து வந்தவர், இந்தக் கொட்டகைப் பஞ்சு அவருக்குப் புதிது, எனக்கோ பழகிப்போன தொந்தரவு. கையில் இருந்த பனியனால் கண்ணைத் துடைத்துக்கொள்ளப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு காதருகே போய்ச் சொன்னேன்:

"கசக்காதீங்கப்பா, பஞ்சு உள்ள போயிரும். நான் ஊதறன்."

அப்பா கத்தரியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை என் பக்கம் நீட்டினார். இமையை விரலால் விலக்கிப் பிடித்துக்கொண்டு ஊதினேன். போய்விட்டதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு மறுபடி ஊதினேன்.