துணியில் நான்காவது பெயர்

இரண்டு கரண்டிகளுக்கு நடுவில் மாத்திரையை வைத்து நசுக்கிக்கொண்டிருந்தாள் சுல்மா. ரத்த அழுத்தத்துக்கு ஒன்று, வலிப்பு வராமலிருக்க அரை. தூளைப் பூசணி மசியலில் போட்டுக் கலந்து, கரண்டியைச் சாய்த்துப் பார்த்தாள். மசியல் கட்டியாக விழ வேண்டும், ஒழுகக்கூடாது. ஒழுகினால் படுக்கையில் கிடக்கும் கணவன் மில்டனுக்குப் புரையேறும். அடுப்பின் மறுபக்கம் ரொட்டித்தூளில் புரட்டிய மாட்டிறைச்சித் துண்டுகள் பொரிந்துகொண்டிருந்தன. அவை பஸ்ஸில் சாப்பிட.

மில்டனின் அக்கா ஒஃபேலியா இரவே வந்து படுத்திருந்தாள். கம்பளியைப் போர்த்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றாள்.

"ரெண்டு மணிக்கொரு தடவ திருப்பணும். சாப்பிட்டதும் அரை மணி நேரம் நிமித்தியே வச்சிருக்கணும். குதிகால் மெத்தையில படக்கூடாது. நாலு தடவ சொல்லிட்ட. பாட்டு கீட்டு பாடணும்னா அதையும் சொல்லிடு."

"பாடாதீங்க அக்கா. அவனுக்கு இருக்கற கஷ்டம் போதும்."

ஒஃபேலியா சிரித்தாள். பிறகு, "அவன்கிட்ட கேட்டுருவல்ல?" என்றாள்.

"அதுக்குத்தானே போறேன்."

கேட்க வேண்டியது டார்வினிடம். வாரா வாரம் சனிக்கிழமை ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்துவிட்டுப் போ என்று.

சுல்மாவுக்கு அறுபத்திரண்டு வயது. இருபத்தேழு வருடம் பைசாந்து நகரத்தில் ஆற்றங்கரைச் சாலையிலிருந்த முதியோர் இல்லத்தில் வேலை பார்த்தவள். குளிப்பாட்டுவது, புரட்டிப் போடுவது, ஊட்டுவது, கடைசியில் கண்ணை மூடிவிடுவது வரை எல்லாம் அவள் கை செய்த வேலை. இரண்டரை வருடத்துக்கு முன் மில்டனுக்கு மூளையில் ரத்தம் கசிந்தபோது, டாக்டர் "பொறுத்திருந்து பார்ப்போம்" என்று சொன்ன குரலிலேயே அவளுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவள் பொறுத்திருக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை. கட்டிலுக்குச் சக்கரம் வாங்கி மாட்டினாள்.

டார்வின் முப்பது வருடம் மில்டனோடு தோல் ஆலையில் ஒரே தொட்டியருகே நின்றவன். முதல் ஏழு மாதம் சனிக்கிழமை தவறாமல் வந்தான். வந்ததும் செய்தி எதுவும் சொல்லமாட்டான், ஜெபம் பண்ணமாட்டான். "திருட்டுப் பயலே, என் டிரில் மிஷினக் குடுக்காம படுத்துக்கிட்டா விட்டுருவேன்னு நெனச்சியா" என்று ஆரம்பிப்பான். மில்டனின் கண் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பும். வலது கட்டைவிரல் போர்வைக்கு மேல் எழும். சுல்மா கூப்பிட்டு எழாத விரல், ஒஃபேலியா அழுதும் எழாத விரல். குணமாகும் என்று சுல்மா நினைக்கவில்லை. அந்த அளவுக்கு அவள் விவரம் தெரியாதவள் அல்ல. வாரத்தில் அந்த ஒரு மணி நேரம் மில்டன், அவள் கழுவித் துடைக்கும் உடம்பாக மட்டும் இல்லாமல் இருந்தான். அவளுக்கு அது வேண்டும். அவனுக்கும் வேண்டியிருக்கும் என்று அந்த விரலை வைத்துச் சொன்னாள்.

பிறகு டார்வின் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வந்தான். பிறகு வரவில்லை. போனை எடுப்பதில்லை. விரலும் அதற்குப் பிறகு எழவில்லை.

புவெந்தே ரோத்தோ பாட்டுக்குழு ஆற்றுக்கு அந்தப் பக்கத்து நாட்டில், ரொசாரியோ பக்கம் ஒரு குதிரைப் பந்தய மைதானத்தில் வாசிக்கப்போகிறது என்று கேள்விப்பட்டதும் சுல்மா, ரசிகர் பஸ்ஸுக்கு ஆள் சேர்க்கும் பழைய சிநேகிதி நிபியாவுக்குப் போன் போட்டாள். "எனக்கும் ஒரு சீட்டு போடு." நிச்சயமா வர்றியா என்று நிபியா இரண்டு தடவை கேட்டாள். "சரி, சுல்மா," என்றாள் பிறகு. டார்வின் எப்படியும் வருவான், பஸ்ஸில் ஏறினால் எங்கேயும் ஓடமுடியாது என்று சுல்மா கணக்குப் போட்டிருந்தாள்.

அந்தக் குழுவைப் பார்க்க பைசாந்து ரசிகர்கள் ஆற்றைத் தாண்டுவது அது பதினேழாவது முறையோ பதினெட்டாவது முறையோ. சுல்மா மில்டனைச் சந்தித்ததே அப்படி ஒரு பயணத்தில்தான். இருபத்தாறு வயது அவளுக்கு. பஸ் டயர் வெடித்து ரோட்டோரம் நின்றபோது அவன் ஜாக்கி பிடிக்க ஆள் தேடினான். "நர்ஸம்மா, கை நல்லா பலமா இருக்கே" என்றான். நர்ஸ் இல்லை, ஆயா என்று திருத்தினாள். "அப்ப இன்னும் பலம்" என்றான். அவ்வளவுதான் காதல்.

விடிகாலையில் பஸ் வந்தது. நாற்பது பேரில் பழைய ஆட்கள் நாலு பேர்தான். மீதி எல்லாம் அவர்களுடைய பிள்ளைகளும் பிள்ளைகளின் சிநேகிதர்களும். எபெர் முன் சீட்டில் வெந்நீர்க் குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மாத்தே இலைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டிருந்தான். இளமையில் வைத்த பெயர் ஒல்லி. இப்போது அவன் வயிறு தனியாக ஒரு சீட்டுக் கேட்கும்.

"சுல்மா வந்தாச்சு. இனி எவனாவது மயங்கி விழுந்தாக் கவலையில்ல," என்றான்.

"நீ விழாதே ஒல்லி. உன்னத் தூக்க கிரேன் சொல்லணும்," என்றாள் நிபியா. அவள் முடி திருத்தும் கடை வைத்திருந்தாள். அவள் தலைமுடி அந்த மாதம் செம்பு நிறம்.

டார்வின் கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம். தொப்பியை முகத்தில் கவிழ்த்துத் தூங்கினான். தூங்கவில்லை என்பதை சுல்மா மூச்சைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். தூங்குகிறவன் வயிறு அப்படி ஏறி இறங்காது.

எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அதிகாரி அவளுடைய அடையாள அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது நீங்கதானா அம்மா?"

"அது தூங்குனவ. நான் தூங்காதவ."

அவன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தான்.

ஒரு முறை எழுந்து கடைசி வரிசைக்குப் போனாள். பக்கத்து சீட்டில் பைகளை அடுக்கி வைத்திருந்தான் டார்வின். பைகளை எடுக்கச் சொல்லி எழுப்பினால் பேச்சு சண்டையில் ஆரம்பிக்கும். சாப்பிடும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று திரும்பி வந்தாள். இறைச்சி ரொட்டிகளை எல்லாருக்கும் கொடுத்தாள். அவன் பங்கை நிபியா வாங்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள்.

மதியத்துக்குமேல் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வேலிக்கு வெளியே புல்வெளி முழுக்க பஸ்கள், கரி அடுப்புப் புகை, தொத்திறைச்சி வாடை. ஒவ்வொரு ஊர்க்காரரும் தங்கள் பதாகைத் துணியை விரித்துக்கொண்டிருந்தார்கள். பைசாந்துத் துணி பன்னிரண்டு மீட்டர் நீளம், கறுப்பு. அதைத் துவைக்க மாட்டார்கள், தரையில் இழுக்க மாட்டார்கள், வெட்டித் தைக்க மாட்டார்கள். ஊர்ப்பெயர் பெரிதாக, இடது ஓரம் கீழே, இறந்துபோனவர்களின் பெயர்கள் வெள்ளைப் பெயின்ட்டில். வேலியில் கட்டுமுன் எல்லாரும் விளிம்பைப் பிடித்து நிற்க, ஒருவர் அந்தப் பெயர்களைக் கூப்பிடுவார். மற்றவர்கள் பதில் சொல்வார்கள். முப்பது வருடப் பழக்கம்.

"அந்த ஓரத்த விரிக்க வேணாம், காத்தடிக்குது," என்றான் டார்வின்.

"காத்தே இல்லையேடா," என்ற எபெர், எப்போதும் செய்வதுபோல் துணியை முழுக்க உதறி விரித்தான். கூப்பிடுகிற வேலை அவனுடையது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு ஆரம்பித்தான்.

"தித்தோ."

"இருக்கான்."

"யோலாந்தா."

"இருக்கா."

"ரொசெந்தோ."

"இருக்கான்."

"மில்டன்."

"இருக்கான்," என்றார்கள் இளவட்டங்கள், மற்ற மூன்றுக்கும் சொன்ன அதே சத்தத்தில். அவர்களுக்கு மில்டன் யாரென்றே தெரியாது.

எபெர் கண்ணைத் திறந்தான். அவன் கையிலிருந்த விளிம்பு தொய்ந்தது. பக்கத்து ஊர்க்காரர்களின் மேளம் கேட்டது.

சுல்மா குனிந்து பார்த்தாள். மற்ற மூன்று பெயர்களும் வெடித்து மங்கியிருந்தன. நான்காவது பளிச்சென்று இருந்தது. எழுத்து நன்றாக இருந்தது. அளவு பார்த்து, கோடு போட்டு, அழித்து, எழுதியிருந்தார்கள்.

"யார் எழுதுனது?"

"நான்தான்," என்றான் டார்வின்.

"காலைல அவனுக்குப் பூசணி ஊட்டிட்டு வந்தேன். பாதி தின்னான்."

"தெரியும் சுல்மா."

"தெரிஞ்சா எழுதுன?"

நிபியா நடுவில் வந்தாள். அவள் கண்ணிலிருந்து மை வழிந்துகொண்டிருந்தது. "நீதான் சொன்ன. போன ஆகஸ்ட்ல. போன்ல."

சுல்மாவுக்கு உடனே ஞாபகம் வந்தது. மில்டனுக்குச் சிறுநீரில் கிருமி, காய்ச்சல், ஐந்து இரவு தூக்கமில்லை. நிபியா நலம் விசாரித்தாள். "மில்டன் போய்ட்டான் நிபியா, இங்க கெடக்கறது நான் கழுவற ஒடம்பு. யாரும் வரவேண்டாம்," என்று சொல்லிப் போனை வைத்தாள். முதியோர் இல்லத்தில் களைத்துப்போன எத்தனையோ மனைவிகள் அவளிடம் அதையே சொல்லியிருக்கிறார்கள். ஒரு நாள் தூங்கவிட்டால் சரியாகிவிடும் என்று அவள் மற்ற ஆயாக்களிடம் சொல்வாள். தன்னைத் தூங்கவைக்க யாரும் இல்லை. தூங்கி எழுந்து அந்தப் பேச்சை வாபஸ் வாங்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"அந்த வாரம் நான் அப்படிப் பேசினேன்," என்றாள்.

"நிபியா வந்து சொன்னா. எனக்கு நம்பறதுதான் சௌகரியமா இருந்துச்சு," என்றான் டார்வின். "அன்னிக்கே எழுதிட்டேன்."

எபெர் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான், இறைச்சி அறுக்கிற கத்தி. துணியை வெட்டுவது என்றால் அவனுக்கு என்னவென்று சுல்மாவுக்குத் தெரியும். "அந்த மூலைய வெட்டிருவோம். நீ சொல்லு, வெட்டிருவோம்," என்றான்.

சுல்மா டார்வினைப் பார்த்தாள்.

"நான் பாட்டுக் கேக்க வரல. உன்னப் பாக்க வந்தேன். வாரத்துக்கு ஒரு மணி நேரம். வந்து எப்பவும்போலத் திட்டிட்டுப் போ. வேற ஒண்ணும் செய்யவேணாம். கழுவற வேலை, ஊட்டற வேலை எதுவும் உன்னுதில்ல."

டார்வின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"மார்ச் மாசம் உங்க வீட்டு கேட் வரைக்கும் வந்தேன். உள்ள அவன் இருமுனான். அந்த இருமல் நிக்கவே இல்ல. நீ அவனை நிமித்தி உக்கார வச்சு முதுகத் தட்டற சத்தம் கேட்டுச்சு. திரும்பிட்டேன். அதுக்கப்புறம் ரெண்டு தடவ வந்தேன். கேட்டத் தாண்ட முடியல."

"இப்ப முடியுமா?"

"பொய் சொல்லட்டுமா?"

"வேணாம்."

"முடியாது சுல்மா. இங்கன்னா இந்தத் துணியில அவனைத் தூக்கிக்கிட்டு வர முடியுது. எந்த ஊருக்கு வேணும்னாலும் கொண்டு வந்துருவேன். அங்க வந்து பாக்க முடியாது."

திட்டலாம் என்று அவளுக்குத் தோன்றியது. திட்டித் தீர்ப்பதற்குச் சொற்களும் இருந்தன. ஆனால் இப்படிப்பட்ட ஆண்களை அவள் முதியோர் இல்லத்தின் வாசலில் நிறையப் பார்த்திருக்கிறாள். பழக்கூடையோடு வருவார்கள், கூடையை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். கெட்டவர்கள் இல்லை. உபயோகமும் இல்லை.

"கத்திய உள்ள வை ஒல்லி," என்றாள். "மாட்டுங்க. இருட்டறதுக்குள்ள எடம் போயிரும்."

மாட்டினார்கள்.

பொழுது சாயும் நேரத்தில் குழு மேடை ஏறியது. பாடகனுக்கும் வயதாகியிருந்தது, மேல் ஸ்தாயிக்குப் போகாமல் கூட்டத்திடம் விட்டுவிட்டான். கூட்டம் பாடியது. சுல்மாவும் பாடினாள். முதலில் உதடு மட்டும், மூன்றாவது பாட்டில் குரல், பிறகு கையைத் தூக்கிக்கொண்டு, நிபியாவின் தோளைப் பிடித்துக் குதித்தாள். முழங்கால் வலிக்கவில்லை. சட்டை முதுகில் ஒட்டியது. இரண்டரை வருடத்தில் முதல் தடவையாக அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஆறு மணித் திருப்பலும் எட்டு மணித் திருப்பலும் அவள் தலைக்குள் மணியடிக்காமல் போயின.

கடைசிப் பாட்டு முடிந்து விளக்கெல்லாம் எரிந்தபோதுதான் அது அவளுக்குத் தெரிந்தது. வேலியில் துணி தொங்கியது. அந்த இரண்டு மணி நேரம் அவளும், டார்வினைப் போல, அவனைச் செத்தவனாக வைத்துவிட்டு நின்றிருக்கிறாள். லேசாக இருந்தது. எவ்வளவு லேசாக இருந்தது என்பதுதான் அவளால் பொறுக்கமுடியவில்லை. மண்ணில் உட்கார்ந்து அழுதாள். நிபியா பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். "ஞாயித்துக்கிழமை வர்றேன்டி. நிச்சயமா வர்றேன்," என்றாள்.

"சரி."

நிபியா வரமாட்டாள் என்று இருவருக்கும் தெரியும். வந்தாலும் விரல் எழப்போவதில்லை.

பஸ்ஸில் அவள் பாலம் வரும்வரை தூங்கினாள். பைசாந்துவில் இறங்கியபோது டார்வின் அவள் பையை வாங்கிக்கொண்டு தெருமுனை வரை கூட நடந்தான். அங்கே பையைக் கொடுத்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"போய்த் தூங்கு டார்வின்," என்றாள்.

ஒஃபேலியா கேட்டைத் திறந்தாள். "ராத்திரி முக்காவாசி தின்னான். ரெண்டு தடவ இருமல். குதிகால் செவக்கல. அவன்கிட்ட கேட்டியா?"

"கேட்டேன்."

ஒஃபேலியா அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பையை வாங்கிக்கொண்டாள்.

சுல்மா முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். மில்டன் விழித்திருந்தான். அவன் கட்டில் வாசலைப் பார்த்துப் போட்டிருந்தது. யாராவது உள்ளே வந்தால் முதலில் அவன் கண்ணில் படட்டும் என்று இரண்டரை வருடத்துக்கு முன் அவள்தான் அப்படிப் போட்டாள்.

"அக்கா, அந்தச் சக்கரத்துப் பிரேக்கை எடுங்க. கால்மாட்டப் பிடிங்க. நான் தலைமாட்டுக்கு வர்றேன்."

"எங்க தள்ளணும்?"

"ஜன்னல் பக்கமா திருப்பிருவோம். வெளிச்சம் வரும்."

இரண்டு பேரும் கட்டிலைத் திருப்பினார்கள். பிரேக்கைப் போட்டாள், சிறுநீர்ப் பையின் குழாய் மடியாமல் இருக்கிறதா என்று பார்த்தாள், தலைமாட்டை உயர்த்தினாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு ஆரஞ்சு மரமும் தெரிந்தன. பிறகு மாத்திரையை நசுக்க சமையலறைக்குப் போனாள்.