ஆடியில் வரச் சொன்னவர்

இமயமலை ஊரான முன்சியாரியில் பனிமலை பார்க்க எந்த மாதம் வரலாம் என்று யாராவது கேட்டால் ஊரே டுங்கர் சிங்கைக் கைகாட்டும். வீட்டு மாடியில் மூன்று அறைகளை விருந்தினருக்கு விட்டிருந்தார். "மழை நின்னு, நெல்லு அறுத்த பிறகு வாங்க. பஞ்சசூலி அஞ்சு சிகரமும் கழுவி வெச்ச மாதிரி நிக்கும்" என்பார். வேறு விடுதிக்குப் போகிறவர்களுக்கும் அதையேதான் சொல்வார். அந்த வாய்க்கு ஒரு மதிப்பு இருந்தது.

வைகாசியில் கல்கத்தாவிலிருந்து அணிமா பாதுரி போன் செய்தார்.

"அண்ணா, எனக்குக் கண்ணு மங்கிட்டே வருது. அடுத்த வருஷம் சந்தேகம்னு டாக்டர் சொல்லிட்டார். ஒரே ஒரு தடவை பஞ்சசூலியப் பாத்துடணும். நீங்க சொல்ற மாசம் வர்றோம்."

ஐப்பசி என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஐப்பசியில் அறைகள் எப்படியும் நிரம்பிவிடும். ஆடி, ஆவணி மழைக்காலத்தில்தான் ஈ ஓட்ட வேண்டும்.

"ஆடிப் பிறப்புக்கு வாங்கம்மா. காலையில மலை தெரியும்."

போனை வைத்ததும் மனைவி ஜசூலி கேட்டாள்: "ஆடியில யாரை வரச் சொன்னீங்க? தவளைங்களையா?"

அணிமாவும் கணவரும் ஆனி கடைசியில் வந்தார்கள். மலை இருந்த இடத்தில் ஈரச் சாம்பல் நிறம்தான் இருந்தது. விடியுமுன்பே அணிமா சால்வையைப் போர்த்திக்கொண்டு மொட்டைமாடியில் போய் உட்கார்ந்துவிடுவார். தெருவில் போன ஜீப்காரன், "டுங்கர் அண்ணே, மலையைக் கட்டிலுக்கு அடியிலயா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" என்று கத்தினான். டுங்கர் சிங் தேவையில்லாமல் விறகு எடுக்கப் போனார். அணிமாதான் அவரைத் தேற்றினார்: "விடுங்கண்ணா. மேகம் உங்க பேச்சையா கேக்கும்?" டுங்கர் சிங் மறுபடியும் விறகுக்குப் போனார்.

ஆடி முதல் நாள் ஹரேலா பண்டிகை. சாமி அறை இருட்டில் வளர்த்த முளைப்பயிரை அறுத்து, வீட்டில் மூத்தவர் ஒவ்வொருவர் தலையிலும் வைத்து வாழ்த்த வேண்டும். விருந்தாளியையும் விடக்கூடாது. அணிமா கண்ணை மூடித் தலை குனிந்தார்.

"இமயத்தில் பனி உள்ளவரை..." டுங்கர் சிங்குக்கு மேலே வரவில்லை.

"சொல்லுங்க. பாதியில நிறுத்தக் கூடாது" என்றாள் ஜசூலி.

"தங்கச்சி, ஆடியில மலை தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அறை காலியாக் கிடந்துச்சு. அதான் வரச் சொன்னேன்."

அணிமாவின் கணவர் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அணிமா கண்ணைத் திறந்தார்.

"கண்ணைப் பத்தி உங்ககிட்ட சொன்னேனே அண்ணா."

அவ்வளவுதான் கேட்டார். பிறகு மறுபடியும் தலையைக் குனிந்தார். "வாழ்த்தை முடிங்க."

முடித்தார். மறுநாள் அவர்கள் இறங்கிப் போனபோதும் அணிமாவின் கூந்தலில் அந்த மஞ்சள் முளை இருந்தது.

ஐப்பசியில் ஐந்து சிகரங்களும் வெயிலில் நின்றன. போன் அடித்தது. "எப்ப வந்தா மலை நல்லாத் தெரியும்?" என்று யாரோ கேட்டார்கள். டுங்கர் சிங் போனை ஜசூலியிடம் நீட்டினார்.