சும்மாடு வைத்து ஏறிய மலை: பிருகு ஏரிக்கு மூன்று நாள் நடை

செப்டம்பர் மூன்றாவது வாரத்தில், மனாலிக்கு மேலே இருக்கும் பிருகு ஏரிக்கு முதுகுப்பையோடு நடந்து போய்விட்டு வந்தேன். ஏரியின் உயரம் ஏறத்தாழ 4,235 மீட்டர். ராயபுரத்தில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் கடலைவிடப் பதினைந்து மீட்டர் உயரத்தில் இருப்பேன். ஆகவே, இதை எழுதும்போதும் கொஞ்சம் பரபரப்பாகவே இருக்கிறேன். ஐம்பதை நெருங்கும் வயதில் அப்படி இருப்பது எனக்கே புதிது.

எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் தண்ணீரைப் பரிசோதிப்பது என் வேலை. இருபத்து நான்கு வருடமாகக் குப்பியில் வரும் தண்ணீரைப் பார்த்தவளுக்கு, யாரும் எதையும் கலக்காத தண்ணீரை அது இருக்கும் இடத்திலேயே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. காரணம் அவ்வளவுதான். கூட வருவதாகச் சொன்ன அலுவலகத் தோழி கடைசி நேரத்தில் பின்வாங்கினாள். அவளுக்குப் பதிலாகக் கிளம்பியவர் என் அண்ணி ஃபிலோமினா. வயது ஐம்பத்தொன்று. காசிமேட்டில் மீன் விற்கிறார்.

அண்ணி கிளம்பியதே ஒரு சவாலில்தான். மீன் விற்கும் வரிசையில் முதல் இடம் அவருடையது. வாங்க வருகிறவர்கள் முதலில் அங்கேதான் நிற்பார்கள். பக்கத்து இடத்துக்காரர் கனகா, பயணச் செய்தியைக் கேட்டதும் வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்: "மனாலியா? நம்ம மணலிக்கு பஸ் ஏறு, போதும். அந்த மலைல பாதி வழில உக்காந்துகினு ஆட்டோ கேப்ப நீ."

அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் சொன்னார்: "ஏரியாண்ட நின்னு போட்டோ எடுத்தாறேன். எடுத்தாரலன்னா இந்த எடத்துல நீ உக்காந்துக்க."

வரிசையில் நாலு பேர் முன்னால் சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது. அங்கே அதுதான் பத்திரம், அதுதான் கையெழுத்து. என் ஆசைக்காக ஒருத்தியின் பிழைப்பிடத்தைப் பணயம் வைத்தாயிற்று.

இனி வழி. சென்ட்ரலில் இரவு பத்து மணி டெல்லி ரயில். மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்குள் டெல்லி. அன்று மாலை ஆறு மணிக்கு மனாலி பேருந்து, ஆளுக்கு 1,400 ரூபாய், சுமார் 530 கிலோமீட்டர். மறுநாள் காலை எட்டரைக்கு இறங்கினோம். ஒன்றரை நாள் மனாலியிலேயே மெதுவாக நடந்து உடம்பைப் பழக்கினோம். இந்த நாளை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். கடல் மட்டத்திலிருந்து போகிறவர்களுக்கு இது சோம்பல் இல்லை, மருந்து.

வழிகாட்டியாக வந்தவர் பிரேம், நாற்பது வயதுக்காரர். கூடாரம், சாப்பாடு, அவர் கூலி எல்லாம் சேர்த்து மூன்று நாளுக்கு ஆளுக்கு 7,000 ரூபாய். எங்கள் பைகளை நாங்களே சுமப்பதாகப் பேச்சு. கோவேறு கழுதைக்குத் தனியாகக் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். ஆறு வாரம் தினமும் காலையில் தண்ணீர்ப் புட்டிகள் நிரப்பிய பையோடு ராயபுரத்திலிருந்து காசிமேடு வரை நடந்து பயிற்சி எடுத்திருந்த திமிர். அண்ணி பயிற்சி எடுக்கவில்லை. "தெனம் முப்பது கிலோ தூக்குறேன், இது இன்னா ஒம்போது கிலோ" என்று சொல்லிவிட்டார். நானும் ஒத்துக்கொண்டேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

குலாபாவுக்கு மேல், சாலை வளைவு ஒன்றில் காலை ஒன்பதே காலுக்கு இறங்கினோம். மனாலியிலிருந்து டாக்சிக்கு 2,000 ரூபாய். அன்றைய நடை ஆறு கிலோமீட்டர், ரோலா கோலி என்ற புல்வெளி முகாம் வரை. மழைக்காலம் முடிந்து வானம் துடைத்துவிட்டது போல் இருந்தது. புல் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது. எதிர்ப்புறம் வெள்ளை மலைகள் வரிசையாக நின்றன. நான் வாய்விட்டுச் சிரித்தேன் என்று பிறகு அண்ணி சொன்னார். நான் நம்பவில்லை.

கிளம்பும் முன் பிரேம் ஒரு விதி சொன்னார். மூன்று மணிக்குள் முகாமை எட்டாத ஆளை மறுநாள் ஏரிக்குக் கூட்டிப் போக மாட்டார். முதல் நாளே திணறுகிற உடம்பு மேலே போய் மோசமாகும், அவர் பார்த்திருக்கிறார். இதில் எனக்கு முழுச் சம்மதம். மூன்று மணி என்ற எண் மட்டும்தான் இடித்தது.

பன்னிரண்டரைக்கு நாங்கள் பாதி தூரம்கூட வரவில்லை. காரணம் அண்ணி. பையின் பட்டைகள் தோளை அறுத்தன, பாரம் பின்னால் இழுத்தது, அதை ஈடுகட்ட முன்னால் குனிந்தார், குனிந்ததும் மூச்சு முட்டியது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நின்றார். இடுப்புப் பட்டையை நான் மூன்று தடவை சரிசெய்தேன். பயனில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். வரிசையின் முதல் இடம் கண்ணெதிரே கைமாறுவதைப் பார்க்கிற முகம்.

ஒரு பாறையருகே அண்ணி பையைக் கழற்றினார். கழுத்துத் துண்டை எடுத்து முறுக்கி, வளையமாகச் சுற்றித் தலையில் வைத்தார். சும்மாடு. பையைப் படுக்கவாட்டில் தூக்கி அதன் மேல் ஏற்றினார். நேராக நின்றார். அன்று முதல்முறையாக அவர் முழு உயரத்துக்கு நின்றதைப் பார்த்தேன்.

பிரேம் ஓடி வந்தார். கூடவே கூடாது என்றார். அவர் ஊரில் பெண்கள் புல்லும் விறகும் முதுகுக் கூடையில்தான் சுமப்பார்களாம். தலைப்பாரத்தோடு கீழே பார்க்க முடியாது, காற்று வேறு தள்ளும், விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். பின்னால் வந்த பெங்களூர்க் குழு ஒன்று நின்றது. ஒருவர் போனை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினார். எனக்குக் கூச்சமாகிவிட்டது. இதைச் சொல்வது எளிதில்லை. ஆனால் கூச்சம்தான்.

எங்களில் இந்தி தெரிந்தவள் நான் மட்டும். அவர் சொன்னதை அண்ணிக்குச் சொன்னேன். அண்ணி பதில் சொன்னார்: "ஐஸு கரஞ்சி, செதிலு வழுக்குற தரைல, மீனு எறக்குற ராட்டைக்கும் டிரை சைக்கிளுக்கும் நடுவுல தூக்கிகினு ஓடுறவ நானு. என் காலுக்குக் கண்ணு கீது. அவராண்ட சொல்லு."

நான் பிரேமிடம் சொன்னது இரண்டே சொல்: சரி, இறக்கிவிடுவார்.

அண்ணிக்கு இந்தி தெரியாது, ஆனால் நாள் முழுக்க பேரம் பேசுகிறவர். அளவு தெரியும். "நான் அம்மாம் நீட்டு சொன்னேன், நீ இம்மாத்தூண்டு சொல்ற. நான் சொன்னத சொல்லலயே நீ?"

இந்த முறை முழுவதையும் சொன்னேன். மீன், ஐஸ், வழுக்கும் தரை, முப்பது வருடமாக அவர் சுமப்பது. செதிலுக்கு இந்தி தெரியாமல் கையால் காட்டினேன். வரிசை, முதல் இடம், கனகா எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னேன். பிரேம் என்னைப் பார்க்காமல் அண்ணியின் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார்: புல் தரையில் தலையில் வரலாம். ஓடை கடக்கும் இரண்டு இடத்திலும் பாறைச் சரிவிலும் பையை அவரிடம் கொடுத்துவிட வேண்டும். அங்கே கைகள் காலியாக இருக்க வேண்டும்.

"நாயமான ஆளு," என்றார் அண்ணி. கிளம்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது? அவர் போனார். கழுத்து அசையவில்லை, இடுப்புக்குக் கீழேதான் எல்லா வேலையும். ஓடையில் பேச்சு மாறாமல் பையைக் கொடுத்தார், அக்கரையில் வாங்கிக்கொண்டார். பெங்களூர்க் குழுவைத் தாண்டினார். போன் பிடித்தவரைத் தாண்டும்போது "வழி வுடு நைனா" என்றார். அவர் உண்மையாகவே ஒதுங்கினார். ஆறு வாரப் பயிற்சி எடுத்த நான், கடைசி ஒரு கிலோமீட்டர் முழுக்க அண்ணியின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன். அவர் முகாமைத் தொட்டபோது மணி 2:40. நான் 2:52. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் கருவியில் எனக்கு 86, அண்ணிக்கு 90. நான் இரண்டு தடவை அளந்தேன். மாறவில்லை.

மறுநாள் காலை ஆறரைக்கு ஏற்றம். ஏரி வரை ஐந்து கிலோமீட்டர். கனமானதெல்லாம் கூடாரத்தில் விட்டாயிற்று. மூன்று பேருக்கான சாப்பாடும் தண்ணீரும் அண்ணியின் பையில். கொண்டுபோன நெத்திலிக் கருவாட்டையும் முகாமிலேயே வைக்கச் சொன்னார் பிரேம். அது சாமி ஏரி, பக்கத்தில் அசைவம் ஆகாது, கரையில் செருப்பும் கூடாது. இதைத் தெரிந்துகொண்டு போங்கள். கடைசி ஏற்றத்தில் இருபது அடிக்கு ஒருமுறை நின்றேன். பாறைச் சரிவில் பை பிரேமிடம் போனது, மேட்டில் திரும்பி வந்தது. 10:50க்கு மேட்டின் விளிம்பு. எட்டிப் பார்த்தோம்.

கீழே, பழுப்புக் கல் கிண்ணத்துக்குள், ஏரி. நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியது. பச்சையா நீலமா என்று தீர்மானிப்பதற்குள் ஒரு மேகம் கடந்து வேறொரு நிறமானது. விளிம்பிலிருந்தே தண்ணீருக்கடியில் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. காலணிகளைக் கழற்றிவிட்டுக் கரைக்குப் போனோம். குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், மொண்டு பார்க்கத்தான் கொண்டுபோனது. மொள்ளவில்லை. எண்ணாக மாற்ற மனம் வரவில்லை.

அண்ணி வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மீனு இல்ல. ஆனா தண்ணி சோக்கா கீது."

படம் எடுக்கும்போது பையைக் கீழே வைக்கச் சொன்னேன். மறுத்துவிட்டார். தலையில் பை, வெறுங்கால், பின்னால் ஏரி. பிரேம்தான் எடுத்தார். ஒன்பது படம் எடுத்தார், ஒன்று போதும் என்று சொல்லியும்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. செப்டம்பர் கடைசி வரை நல்ல காலம். பகலில் வெயில் உறைக்கும், இரவில் பூஜ்ஜியத்துக்குப் பக்கம் போகும். எங்கள் இருவருக்கும் எல்லாம் சேர்த்துச் செலவு 31,600 ரூபாய். உயரத்தில் தலைவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் இறங்கிவிடுங்கள், ஏரி எங்கும் போகாது. முக்கியமாக, பையை வாங்கும் முன் அதைச் சுமக்கப் போகிறவரின் உடம்பு எதற்குப் பழகியது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. கடைக்காரர் சொன்னதைக் கேட்டேன். தலைப்பாரம் பழகாதவர்கள் அண்ணியைப் பார்த்து முயல வேண்டாம். இறங்கும்போது நான் முயன்றேன், பதினோரு அடி.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை காலை, காசிமேட்டில் அந்தப் படம் கைக்குக் கை போனது. கனகா போனை வாங்கி, பெரிதாக்கிப் பார்த்தார். ஏரியை அல்ல, பையை.

"அங்க போயும் எறக்கலியாடி நீ?"

வரிசையே சிரித்தது. அண்ணியும் சிரித்துக்கொண்டே முதல் இடத்தில் உட்கார்ந்து வஞ்சிரத்தை அடுக்கினார்.

கனகா சிரிக்கவில்லை. காட்டுவதற்காக நான் கொண்டுபோயிருந்த பையை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். பிறகு சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டு ஐஸ் பெட்டிகள் வரை நடந்து, திரும்பி என்னிடம் வந்தார்.

"இதுல இன்னும் ஒரு கூட ஏத்தலாம். ஏம்மா ஜெசி, மீன்பிடித் தடைக்காலத்துல அந்த ஏரி தெறந்து கீதா?"

ஜூன் தொடக்கத்தில் போகலாம், ஆனால் பனி கிடக்கும் என்றேன். பனி என்றால் ஐஸ்தானே, அதில் என்ன என்று கேட்டார்கள். இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். துண்டு மட்டும் அவரவர் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.