இடது காலின் அளவு

அந்த அட்டை இப்போது அருங்காட்சியகத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. பிஸ்கட் பெட்டியிலிருந்து கிழித்தது. அதில் பென்சிலால் வரைந்த ஒரு சிறிய வலது பாதம். நான் பள்ளியில் சேர்ந்த ஆண்டு, பெருநாள் செருப்புக்காக என்னைப் பெற்ற அத்தா எடுத்த அளவு. “பிஸ்மில்லா சொல்லி வலது கால வை” என்பார். பென்சில் விரல்களைச் சுற்றி வரும்போது கூசும். இடது காலை அவர் கேட்டதே இல்லை. எதையும் வலதில் தொடங்க வேண்டும் என்பது அவர் வளர்ந்த முறை. அட்டையைத் திருப்பிப் போட்டால் இடது கால் வந்துவிடும் என்று நம்பினார். எனக்கு இடது செருப்பு எப்போதும் சுண்டுவிரலைக் கடிக்கும். நான் சொன்னதில்லை. அத்தா தைத்த செருப்பைப் போய் யாராவது குறை சொல்வார்களா?

அத்தா இராமநாதபுரத்துப் பக்கமிருந்து பினாங்குக்கு வந்து, வேறொருவர் கடையில் தோல் செருப்பு தைத்தவர். பல ஆண்டுகள் கழித்து சூலியா தெருவை ஒட்டிய சந்தில் சொந்தக் கடை போட்டார். மலாய்க்காரர்கள் பெருநாளுக்கு அணியும் சப்பால் செருப்புதான் அவருடைய சரக்கு. அடுத்த கடை பட்டர்வொர்த்தில், அதற்கடுத்தது கோலாலம்பூரில் என்று சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து திட்டம் போடுவார். நான் இடைநிலைப் பள்ளிக்குப் போன ஆண்டு அந்த ஒரே கடையும் மூடியது. அத்தா பத்து காவான் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலைக்குக் காவல் வேலைக்குப் போனார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிப் படியேறியவள் நான். பட்டமும் வாங்கினேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஆகவே, கடல் கடந்து வந்த கைவினைஞர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க அருங்காட்சியகத்தார் அத்தாவைத் தேடி வந்தபோது, அவருடைய தமிழை நானே மலாயில் மொழிபெயர்த்துத் தருகிறேன் என்றேன். படத்தை இயக்கிய சீனப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. கடை ஏன் மூடியது என்று கேட்டாள். அத்தா தயங்காமல் சொன்னார்:

“நான் வலது கால மட்டும்தான் அளந்தேன். மனுசனுக்கு ரெண்டு காலும் ஒரே அளவு இல்லன்னு புரியறதுக்குள்ள கடை போயிருச்சு. செருப்பு கடிச்சவன் வந்து சண்டை போடல. வராம இருந்துட்டான்.”

நான் எழுதிக்கொடுத்தது வேறு. ‘மகளின் படிப்புக்காகக் கடையை விட்டேன்.’ இத்தனை சின்னத் தவறில் தோற்றவராக அத்தாவை முகம் தெரியாதவர்கள் பார்ப்பதை என்னால் தாங்க முடியவில்லை. அதைவிட, அவர் கனவுக்கு ஈடாகக் கிடைத்தவள் நான் என்று நினைத்துக்கொள்வது எனக்குப் பிடித்திருந்தது.

திரையிடலுக்கு அத்தா தலையில் சொங்கோக் தொப்பி அணிந்து, தானே தைத்த சப்பாலோடு வந்தார். அந்தக் காட்சி வந்தது. திரையின் அடியில் என் வரி ஓடியது. முன்வரிசையில் ஓர் அம்மையார் கண்ணைத் துடைத்தார். பக்கத்திலும் மூக்கை உறிஞ்சும் சத்தம். பின்னால் ஒருவர் மட்டும் வாய்விட்டுச் சிரித்தார். வாசிக்கத் தெரியாத அத்தா என் பக்கம் சாய்ந்தார்.

“ஏன் புள்ள, கால் அளவ சொன்னதுக்கு எல்லாரும் அழுவுறாங்க?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. எழுதியதை அவர் காதில் சொன்னேன். படம் முடிந்து விளக்குகள் எரிந்தன. அத்தா மெதுவாகச் சொன்னார்.

“நான் தோத்தது என் தொழில்ல. அத ஏன் உன் தலையில ஏத்திக்கிட்ட? நாளைக்குக் கடை போடப் போறவன் இதப் பார்ப்பான்லா. அவனுக்கு என்ன கிடைக்கும், அழுகையா?”

கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். அத்தா உண்மையில் சொன்னதை மலாயில் சொன்னேன், மாற்றியது நான்தான் என்றும் சொன்னேன். சிரித்த மனிதர் எழுந்தார். அத்தாவின் பழைய வாடிக்கையாளர்.

“அண்ணே, ஒங்க சப்பால போட்டுக்கிட்டுத்தான் எம்மக கல்யாணத்துல நொண்டினேன்! மாப்ள வீட்ல எனக்குக் கால் ஊனம்னு நெனச்சிட்டாங்க லா!”

அத்தா திரும்பிப் பார்த்து, “அன்னிக்கே வந்து திட்டியிருந்தா இன்னிக்குக் கோலாலம்பூர்ல கடை இருந்திருக்கும்லா” என்றார். அழுத அம்மையாருக்கு யாரோ அதை மொழிபெயர்த்தார்கள். அவரும் சிரித்துவிட்டார்.

படத்தின் வரியைத் திருத்திவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் அட்டை ஒற்றைக் காலோடுதான் இருக்கிறது. அதன் கீழே அத்தா சொன்னது சொன்னபடி இருக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் ஓர் அட்டையைத் தரையில் போட்டு என் இடது காலை அதன்மேல் வைத்தேன். அத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். பென்சில் குதிகாலில் தொடங்கி மெல்ல முன்னேறியது. சுண்டுவிரலுக்கு வந்ததும் நின்றது.

“ஒனக்கும் கடிச்சிச்சா?”

“கடிச்சிச்சு அத்தா.”

அவர் நிமிரவில்லை. அந்த இடத்தில் மட்டும் கோட்டைக் கொஞ்சம் தள்ளி வரைந்தார்.